ஓட்ஸா, கொள்ளா, புண்ணாக்கா? கொழும்புக் குதிரைக்குத் தெம்பு எதிலிருந்து வரும்

ராணி பழைய ரேஸ் குதிரை. இந்தியாவில் பிறந்து, நுவரெலியாவில் சில ஏப்ரல் சீசன்கள் ஓடி, முன்னங்காலில் ஒரு சின்னக் கோளாறு வந்ததும் கொழும்புக்கு இறங்கியவள். நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து அவள் செலவைப் பார்க்கிறோம். போன வருஷம் முழுக்க எங்களுக்கு ஒரே கரைச்சல்தான்: விடிய இருபது நிமிஷம் அழகாக ஓடுவாள், அதற்குப் பிறகு பெட்ரோல் தீர்ந்த ஓட்டோ மாதிரி இழுபடுவாள், குதிகாலால் தட்டினால் காதை மட்டும் திருப்பிப் பார்ப்பாள்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். லாயத்தில் அவளைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் மலையகத்து ஆள், அவருடைய அப்பாவும் குதிரைக்காரர், “கொள்ளு அவிச்சுப் போடுங்க தம்பி, பிறகு பாருங்க” என்றார். பங்காளிகளில் ஒருவர் ஓட்ஸை இரட்டிப்பாக்கச் சொன்னார். மாட்டுத்தீவனம் இறக்குகிற லொறிக்காரர் அரிசித் தவிட்டுக்குச் சத்தியம் பண்ணாத குறை. இன்னொருவர் தேங்காய் எண்ணெய் என்றார். எல்லோரும் சொன்னதில் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருந்தது, சிக்கலே அதுதான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அந்தக் கணக்கு இங்கே குதிரை வைத்திருக்கிற வேறு யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் நிறை தெரிய வேண்டும். குதிரையை ஏற்றி நிறுக்கிற தராசுக்கு எங்கே போவது, அதனால் நாடாதான். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு, தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரைக்கும் நீளம் ஒரு அளவு, இரண்டும் சென்ரிமீற்றரில். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். தையல்காரர் நாடா 150 சென்ரிமீற்றரோடு முடிந்துவிடும், இரண்டை ஒட்டவேண்டி வந்தது. ராணிக்குச் சுற்றளவு 175, நீளம் 155. விடை 400 கிலோ, ஐந்தோ பத்தோ முன்பின் இருக்கலாம். அதுவரைக்கும் நாங்கள் மூன்று பேரும் அவள் 450 கிலோ என்றுதான் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2007 இல் வெளியிட்ட அட்டவணைகளின்படி 400 கிலோக் குதிரை சும்மா நிற்பதற்கே நாளைக்கு 13.3 மெகாகலோரி வேண்டும். நடுத்தர வேலை செய்தால் அதுபோல் 1.4 மடங்கு, கடும் வேலைக்கு 1.6 மடங்கு. ராணி கிழமையில் ஐந்து நாள், முக்கால் மணித்தியாலம், ஓட்டம், கொஞ்சம் பாய்ச்சல், இரண்டு மூன்று தாண்டல். இது நடுத்தரம், ஆகவே 18.6. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் கிடக்கிற 5.3 மெகாகலோரியைத்தான் ஓட்ஸால் நிரப்புவதா, கொள்ளால் நிரப்புவதா என்று எல்லோரும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். கீழே இருக்கிற 13.3 எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அது புல்லிலிருந்து வரவேண்டும். குதிரையின் இரைப்பை உடம்போடு பார்த்தால் சின்னது, 8 முதல் 15 லீற்றர்தான் கொள்ளும். பெரிய சமையல் எல்லாம் பின்னால், பெருங்குடலில் நடக்கிறது. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துக் கொழுப்பமிலங்களாக மாற்றிக் கொடுக்க, குதிரை நாள் முழுவதும் அதை மெதுவாக எரித்துக்கொண்டு நிற்கிறது. இதற்கு உடல் நிறையில் 1.5 முதல் 2 வீதம் வரை காய்ந்த கணக்கில் புல் வேண்டும். 400 கிலோவுக்கு 6 முதல் 8 கிலோ. ஆனால் பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர், அதனால் வெட்டிக்கொண்டு வருகிற புல்லாகப் பார்த்தால் 30 முதல் 40 கிலோ. எங்கள் லாயத்தில் “இரண்டு கட்டு போடுறோம்” என்று சொல்லிக்கொண்டிருந்த புல்லை நிறுத்துப் பார்த்தேன். 18 கிலோ. அரைவயிற்றோடு நின்ற குதிரைக்கு எந்தத் தானியம் நல்லது என்று மாதக்கணக்காக வாதாடியிருக்கிறோம்.

கொழும்பில் இது தற்செயலாக நடப்பதில்லை. நகரத்துக்குள் மேய்ச்சல் நிலம் கிடையாது, எல்லாப் புல்லும் யாரோ எங்கோ வெட்டி ஏற்றிவருவது, பெட்ரோல் விலையும் மழையும் சேர்ந்து தீர்மானிப்பது. வருகிற புல்லும் பெரும்பாலும் இரண்டே இரண்டு வகை: றோட்டோரமும் ரெயில் பாதையோரமும் தானாக வளர்கிற கினிப்புல், இல்லையென்றால் மாட்டுப்பண்ணைகளுக்காக நட்ட கோ-3. இந்தக் கோ-3 கோயம்புத்தூரில் உருவாக்கிய நேப்பியர் கலப்பினம். மாட்டுக்குத் தங்கம். குதிரைக்கும் கொடுக்கலாம், ஆனால் ஒரு சங்கதி இருக்கிறது. இந்த வெப்பமண்டலப் புற்களில் ஒக்சலேற் அதிகம், அது கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. மாட்டின் முதல் வயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் ஒக்சலேற்றை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி முன்னால் இல்லை, கல்சியம் உறிஞ்சப்படும் இடத்தைத் தாண்டிய பிறகுதான் நுண்ணுயிர்களே வருகின்றன. மாதக்கணக்கில் இதையே தின்றால் உடம்பு எலும்பிலிருந்து கல்சியத்தை உருவத் தொடங்கும். முதலில் காரணம் தெரியாத நொண்டல், பிறகு மூஞ்சி எலும்பு இரண்டு பக்கமும் உப்பி வரும். பெருந்தலை நோய் என்பது இதுதான்.

கொழும்பில் நமக்குக் கிடைக்கிற தீவன அறிவு முக்கால்வாசி மாட்டு அறிவு. விற்கிறவரும் மாட்டுக்கு விற்றுப் பழகியவர். கீழே வருகிற ஒவ்வொன்றிலும் இதே தடுமாற்றத்தைப் பார்ப்பீர்கள்.

சரி, ஓட்ஸ். 1893 இலிருந்து கறுவாத்தோட்டத்து ரேஸ் கோர்ஸில் குதிரை ஓடிய காலம் இருந்ததே, இப்போது ரக்பி மைதானமும் கடைகளுமாக இருக்கிற அதே இடம், அந்தத் தலைமுறைக்காரர்களுக்குக் குதிரைச் சாப்பாடு என்றாலே ஓட்ஸ்தான். அது வெறும் வெள்ளைக்காரப் பழக்கம் என்று தள்ளிவிடவும் முடியாது. தானியங்களுக்குள் ஓட்ஸின் மாவுச்சத்துத்தான் குதிரையின் சிறுகுடலில் மிக நன்றாகச் செரிக்கிறது, பச்சையாகக் கொடுத்தாலே ஐந்தில் நாலு பங்குக்கு மேல். அது குளுக்கோஸாகி, தசையில் கிளைக்கோஜனாகச் சேர்கிறது. நுவரெலியாவில் 1,200 மீற்றர் பாய்கிற குதிரைக்கும், தடை தாண்டுகிற குதிரைக்கும் அந்த நொடியில் எரிகிற எரிபொருள் இதுவே. கொழுப்பால் அவ்வளவு வேகத்தில் எரிய முடியாது. இன்னொன்று, தீர்ந்துபோன கிளைக்கோஜனை நிரப்பக் குதிரைக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும், மனிதரை விட மெதுவாக. சனிக்கிழமை போட்டியென்றால் வெள்ளிக்கிழமை இரவு அள்ளிக் கொட்டுவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பதற்குக் காரணம் இது.

எவ்வளவு கொடுக்கலாம்? ஒரு வேளைக்கு உடல் நிறையின் கிலோ ஒன்றுக்கு 1 கிராம் மாவுச்சத்து என்பதைப் பத்திரமான எல்லையாக வைத்துக்கொள்ளலாம். ராணிக்கு 400 கிராம். ஓட்ஸில் 40 வீதத்துக்குச் சற்று மேல் மாவுச்சத்து, ஆகவே வேளைக்கு 900 கிராம் போல. 5.3 மெகாகலோரியும் ஓட்ஸிலிருந்தே வரவேண்டுமென்றால் நாளைக்கு ஒன்றேமுக்கால் கிலோ, இரண்டு வேளையாகப் பிரித்தால் எல்லைக்குள் நிற்கிறது. வேலைக்கு முன் நாலு மணித்தியாலத்துக்குள் கொடுக்கவேண்டாம், இன்சுலின் ஏறி நிற்கிற நேரத்தில் ஓட வைத்தால் இரத்தச் சர்க்கரை சட்டென்று விழும். கொஞ்சம் புல் அந்த நேரத்தில் நல்லது, வெறும் வயிற்றில் அமிலம் தளும்பாது.

ஓட்ஸில் எனக்கு இருக்கிற தயக்கம் இரண்டு. முதலாவது காசு: இலங்கையில் ஓட்ஸ் விளைவதில்லை, ஒவ்வொரு மூட்டையும் டொலர். 2022 இல் நாங்கள் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை, கப்பலை நம்பிக் குதிரையின் சாப்பாட்டை அமைக்கக்கூடாது என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது குணம். ராணி போன்ற தரோபிரெட் (ரேஸ் குதிரை இனம்) இரத்தத்துக்கு ஓட்ஸைக் கூட்டினால் தெம்பு முதலில் காலுக்கு வராது, தலைக்கு வரும். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கொடுத்த கிழமையில் பறக்கிற பொலித்தீன் பையைப் பார்த்து ஒரு துள்ளுத் துள்ளினாள், என் பங்காளிக்கு மணிக்கட்டு சுளுக்கு. இருபது நிமிஷத்தில் களைப்பது மட்டும் அப்படியேதான் இருந்தது. அப்புறம் போயா நாள், அதாவது பௌர்ணமி விடுமுறை விஷயம். இரண்டு நாள் லீவில் நின்றுகொண்டு முழுத் தானியமும் தின்ற குதிரையை மறுநாள் ஓட்டினால் தொடையும் முதுகும் கல்லாக இறுகி, மூத்திரம் கோப்பி நிறத்தில் போகிற நோய் உண்டு. வேலை இல்லாத நாளில் தானியம் பாதியாக வேண்டும், புல் அப்படியே இருக்கட்டும்.

சோளம் நம் நாட்டிலேயே, அநுராதபுரம் மொனராகலைப் பக்கம் விளைகிறது, ஓட்ஸை விட எத்தனையோ மலிவு. இருந்தும் நான் இதன் பக்கம் போகவில்லை. மாவுச்சத்து 70 வீதத்துக்குக் கிட்ட, பச்சையாகக் கொடுத்தால் சிறுகுடலில் அதில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் செரிக்கும். மிச்சம் பெருங்குடலுக்குள் வழிந்து, லக்ரிக் அமிலமாகி, அங்கே புல்லைச் சமைக்கிற நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். வயிற்றுவலி, அதைவிட மோசமாகக் குளம்புக்குள் வருகிற வீக்கம், லமினைடிஸ், இரண்டுக்கும் இதுவே நேர்வழி. அவித்தோ, பொப்கோர்ன் மாதிரிப் பொரித்தோ கொடுத்தால் செரிமானம் கூடும். ஆனால் ஒரு டின் ஓட்ஸ் கொடுத்த பழக்கத்தில் அதே டின்னால் சோளம் அள்ளினால் சக்தி கிட்டத்தட்ட இரட்டிப்பாகப் போய்விடும், ஏனென்றால் சோளம் கனமானது. லாயத்தில் டின்தானே அளவுகோல். பூஞ்சணம் பிடித்த சோளம் இன்னும் பயங்கரம், அதில் ஊறுகிற ஒரு நஞ்சு குதிரையின் மூளையையே கரைத்துவிடும், மற்ற மிருகங்கள் தாங்குகிற அளவைக் குதிரை தாங்காது. நம்முடைய ஈரக்காற்றில் மூட்டையின் அடியில் என்ன நடக்கிறது என்று யார் கண்டது.

கொள்ளுக்கு வருவோம். அண்ணன் சொன்னதைச் சும்மா தள்ளிவிட எனக்கு மனமில்லை, தமிழில் குதிரையையும் கொள்ளையும் பிரிக்கவே முடியாது. கொள்ளென்றால் வாயைத் திறக்கிறது, கடிவாளமென்றால் மூடுகிறது என்று மனிதரையே திட்டுகிறோம். கொள்ளில் புரதம் 22 வீதம் அளவில் இருக்கிறது, சக்தியும் தானியத்துக்குக் குறைவில்லை, அவிக்கிற பழக்கமும் சரியானது, பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கிற பொருள்கள் உண்டு, வேகும்போது அவை அடங்கும். வறண்ட ஊரில், காய்ந்த புல்லும் வைக்கோலும் தின்கிற குதிரைக்குப் புரதம்தான் குறையும், அங்கே இரண்டு கை கொள்ளு உண்மையாகவே உயிர் கொடுத்திருக்கும். பாண்டியர் காலத்தில் கடல்தாண்டி வந்த அரபுக் குதிரைகளுக்குப் பாண்டி நாட்டில் வேகவைத்த சோறு போட்டார்கள் என்று அந்தக்காலப் பயணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். அதோடு ஒப்பிட்டால் கொள்ளு போட்டவர் பெரிய விஞ்ஞானி.

ஆனால் சக்திக்காகக் கிலோக்கணக்கில் கொள்ளு போடுவது கொழும்பில் வினை. தேவைக்கு மேலான புரதத்தை உடம்பு சேர்த்துவைக்காது, உடைத்து யூரியாவாக மூத்திரத்தில் விடும். அந்த வேலையில் வெப்பம் உண்டாகிறது, தண்ணீர் தேவை கூடுகிறது, லாயத்தில் விடிய நுழைந்தால் அமோனியா நெடியில் கண் எரிகிறது. 31 பாகையும் தெப்பமான காற்றுமாக இருக்கிற ஊரில் குதிரைக்கு உள்ளேயும் ஓர் அடுப்பு மூட்டுவானேன்? நாளைக்கு 300 கிராம் அவித்த கொள்ளு, தசைக்குப் புரதம் என்ற கணக்கில், எனக்குச் சம்மதம். அண்ணன் அதைவிடக் கொஞ்சம் கூடப் போடுகிறார் என்று தெரியும், கேட்கவில்லை.

“இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்ற பழமொழியை யாரும் குதிரைக்காகச் சொல்லவில்லை. ஆனாலும் எள்ளு என்றால் எண்ணெய், இளைத்த குதிரைக்கும் எண்ணெய்தான் என்று இன்றைய தீவனக் கணக்கும் சொல்கிறபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

தவிடு, லொறிக்காரரின் கட்சி. அரிசித் தவிட்டில் 15 வீதத்துக்கு மேல் எண்ணெய் இருக்கிறது, சக்தியில் ஓட்ஸுக்கு மேல் நிற்கும், பொலநறுவை ஆலைகளிலிருந்து வந்து குவிகிறது. பிரச்சினை இரண்டு. ஆலையில் தவிடு பிரிந்த நிமிஷத்திலிருந்தே அதிலுள்ள நொதி எண்ணெயை உடைக்கத் தொடங்கிவிடும், சூடாக்கி நிலைப்படுத்தாத தவிடு நம் வெப்பத்தில் சில நாளில் காறல் அடிக்கும். அடுத்தது பொஸ்பரஸ். ஒன்றரைக் கிலோத் தவிட்டில் 24 கிராம் பொஸ்பரஸ் போல, கல்சியம் ஒன்றரைக் கிராம்கூடத் தேறாது. ராணிக்கு நாளைக்கு வேண்டியது கல்சியம் 28 கிராம், பொஸ்பரஸ் 17 கிராம். பொஸ்பரஸ் ஒருபோதும் கல்சியத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினால் மேலே சொன்ன அதே பெருந்தலை நோய். ஏற்கனவே ஒக்சலேற் புல் தின்கிற குதிரைக்கு மேலே தவிட்டையும் கொட்டுவது ஒரே ஓட்டையை இரண்டு பக்கமிருந்து தோண்டுகிற வேலை. அந்தக் காலத்தில் மாவரைக்கிற ஆலைக்காரர்களின் குதிரைகளுக்கு இந்த நோய் பேர்போனதாம்.

தவிடுதான் வேண்டுமென்றால் அரைக் கிலோவோடு நிறுத்தி, சுண்ணக்கல் தூள் சேர்க்கவேண்டும். 60 கிராமில் 20 கிராமுக்கு மேல் கல்சியம் கிடைக்கும். சுண்ணக்கல் என்றதும் ஒருவர் வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். ஐயோ, அது நீற்றிய சுண்ணாம்பு, குதிரையின் வாயும் இரைப்பையும் வெந்துபோகும். கோழித்தீவனக்காரர்கள் பாவிக்கிற அரைத்த சுண்ணக்கல்தான் நான் சொல்வது. ஆனால் தீவனமாகக் கலந்து வருகிற கோழி, மாட்டு மூட்டைகளைத் தொடாதீர்கள், அவற்றில் சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து சேர்ப்பார்கள், கோழிக்கு நோய் வராமலிருக்கக் கலக்கிற அந்த மருந்து குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும்.

இனி என் கட்சி: தேங்காய்ப் புண்ணாக்கு. குருநாகல், சிலாபம் பக்கத்து ஆலைகளிலிருந்து வருவது, மாடு வளர்க்கிற எவருக்கும் தெரிந்தது, குதிரைக்காரர்கள் மட்டும் ஏனோ மூக்கைச் சுளிக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் இதையே குதிரைக்கென்று பையில் அடைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். காரணம், மாவுச்சத்து மிகக் குறைவு, புரதம் 20 வீதம், ஆலையில் பிழிந்தும் மிஞ்சிய எண்ணெய் 8 வீதம் அளவில், மிச்சம் பெருங்குடலில் நன்றாகப் புளிக்கிற நார். ஓட்ஸ் அளவு சக்தி, ஆனால் தலைக்கேறாத சக்தி. லைசின் என்ற புரதக்கூறு இதில் குறைவு, தசை வேண்டுமென்றால் 150 கிராம் சோயாப் புண்ணாக்கு சேர்த்தால் சரியாகிவிடும். கல்சியமும் குறைவுதான், சுண்ணக்கல் தூள் எப்படியும் போகிறது.

புண்ணாக்கின் பலவீனம் பூஞ்சணம். கொப்பரை சரியாகக் காயாமல் ஆலைக்குப் போனாலோ, புண்ணாக்கு ஈரத்தில் கிடந்தாலோ அஃப்லாரொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு ஊறும், ஈரல் கெடும், வெளியில் பார்த்தால் தெரியாது. ஒருமுறை ஒரு கடையில் வாங்கிய மூட்டையை லாயத்தில் பிரித்தபோது நடுவில் பச்சையும் சாம்பலுமாகக் கட்டி, கேட்டதற்கு “மாடு தின்னுமே” என்றார்கள். அதிலிருந்து பத்துக் கிலோவுக்கு மேல் ஒரேயடியாக வாங்குவதில்லை, வாங்கும்போதே உடைத்து முகர்ந்து பார்க்கிறேன், புதுக் கொப்பரை வாசம் வரவேண்டும். கொடுக்கும் முன் இரண்டு மடங்கு தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைக்கிறோம், கூட நேரம் வைத்தால் புளித்துவிடும். இன்னுமொரு எச்சரிக்கை, உரத்துக்கென்று விற்கிற ஆமணக்குப் புண்ணாக்கும் பார்வைக்கு ஏறத்தாழ இதே மாதிரி இருக்கும், அது குதிரைக்கு நேரடி விஷம்.

எண்ணெயில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அடங்காமல் ஆடுகிறவனைக் கொழுப்பெடுத்து ஆடுகிறான் என்கிறோம், குதிரையில் தலைகீழ்: தானியத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டினால் ஆட்டம் அடங்குகிறது. 100 மில்லிலீற்றர் எண்ணெயில் 0.8 மெகாகலோரி, அதற்கு ஈடாக ஓட்ஸ் கால் கிலோவுக்குச் சற்று மேல் வேண்டும். செரிக்கும்போது மிகக் குறைவான வெப்பத்தை உண்டாக்குவதும் இதுவே, கொழும்புக்கு இது பெரிய விஷயம். நிதானமான ஓட்டத்தில் தசை கொழுப்பை எரிக்கப் பழகிக்கொண்டால் கிளைக்கோஜன் மிஞ்சும், நீண்ட நேரம் தாக்குப் பிடிக்கும். குதிரைக்குப் பித்தப்பை கிடையாது, இருந்தும் கொழுப்பை நன்றாகவே செரிக்கிறது, மெதுவாகப் பழக்கினால். 30 மில்லிலீற்றரில் தொடங்கி மூன்று கிழமையில் 200 வரை ஏற்றலாம். பலன் தெரிய மாதமாகும், ஓட்ஸ் மாதிரி மூன்றாம் நாளில் காட்டாது. எண்ணெய் கூடக் கூட விற்றமின் ஈ தேவையும் கூடும், பச்சைப் புல்லில் ஓரளவு இருக்கிறது, அளவு 200ஐத் தொட்டால் மிருக வைத்தியரிடம் கேட்டுத் தனியாகச் சேர்ப்பது நல்லது.

தேங்காய் எண்ணெயா சோயா எண்ணெயா என்பதில் பெரிய வித்தியாசம் பார்க்கவேண்டாம், கலோரி ஒன்றுதான், எது மலிவோ அது. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும், நுவரெலியாவில் அது தொல்லை, இங்கே இல்லை. வடைக்கடையில் மிச்சமான எண்ணெய் சும்மா கிடைக்கிறதே என்று ஒருவர் கேட்டார், வேண்டாம்.

பையில் வருகிற இறக்குமதித் தீவனம் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கையில் காசும் தொடர்ந்து கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தால் அதுவே மிக இலகு, விற்றமினும் தாதும் கணக்காக இருக்கும். ஆனால் பையில் எழுதியிருக்கிற முழு அளவைக் கொடுத்தால்தான் அந்தக் கணக்கு. அரைவாசி போட்டு மிச்சத்துக்குத் தவிடு கலந்தால் காசும் போய்க் கணக்கும் போயிற்று.

கடைசியாக நான் கண்டுபிடித்தது சாப்பாட்டுப் பட்டியலிலேயே இல்லாத ஒன்று. ராணி ஓடி முடித்ததும் சேணத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். வெக்கையில் கடுமையாக வேலை செய்கிற குதிரை மணிக்குப் பத்து லீற்றருக்கு மேல் வியர்க்கும், அந்த வியர்வை நம்முடையதை விட உப்பானது. தண்ணீரும் உப்பும் ஒன்றாகவே போவதால் இரத்தம் தடிக்காது, மூளைக்குத் தாகம் தெரியாது, வாளியை முன்னால் வைத்தாலும் குதிரை குடிக்காமல் நிற்கும். நாங்களோ “அவளுக்குத் தாகமில்லை” என்று வாளியை எடுத்துவிடுவோம். புல்லில் பொட்டாசியம் தாராளம், சோடியம் கிட்டத்தட்ட இல்லை. 400 கிலோக் குதிரைக்குச் சும்மா நிற்கிற நாளிலேயே 20 கிராம் உப்பு வேண்டும், வேலை நாளில் 35, 40. சாதாரணச் சமையல் உப்பு, ஆனையிறவோ புத்தளமோ. தம்பிலி (செவ்விளநீர்) வெட்டிக் கொடுத்தால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு: அதிலும் பொட்டாசியம்தான், சோடியம் மிகக் கொஞ்சம், அதை நீங்களே குடியுங்கள்.

இதோடு ஒன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடி முடித்த குதிரையின் தோல் காய்ந்து, மூக்குத்துளை விரிந்து, மூச்சு மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் அது வியர்வை நின்றுபோகிற நோயாக இருக்கலாம், வெளியிலிருந்து நம் ஈரவெப்பத்துக்கு வந்த குதிரைகளில் இதைக் காணலாம். அதற்கு எந்தத் தீவனமும் பதில் இல்லை, ஓட்டத்தை நிறுத்தித் தண்ணீர் ஊற்றி மிருக வைத்தியரைக் கூப்பிட வேண்டும். பல்லும் குடற்புழுவும் அப்படித்தான், அவற்றைப் பார்க்காமல் மூட்டை மாற்றுவதில் பயனில்லை.

ஆகக் கடைசியில் எதை எடுத்தோம்? முதல் மூன்று கிழமை தானியத்தில் கைவைக்காமல் புல்லை 35 கிலோவாக்கி, 40 கிராம் உப்பை மட்டும் சேர்த்தோம். அதிலேயே இருபது நிமிஷம் முப்பதைத் தாண்டியது. அப்புறம் பத்துப் பதினைந்து நாளில் மெல்ல மெல்ல மாற்றி, இன்றைக்கு ஒரு நாளைக்குப் புண்ணாக்கு 800 கிராம், ஓட்ஸ் 700 கிராம், எண்ணெய் 100 மில்லிலீற்றர், சுண்ணக்கல் தூள் 60 கிராம். கூட்டிப் பாருங்கள், 5.3 வரும். கொள்ளும் சோயாவும் புரதத்துக்காகக் கை அளவில். உங்கள் குதிரை நுவரெலியாவில் ஓடப்போகிறதென்றால் ஓட்ஸின் பங்கு கூடத்தான் வேண்டும், புண்ணாக்கையும் எண்ணெயையும் நம்பி ரேஸ் ஓடமுடியாது. பிள்ளைகளை ஏற்றி நடக்கிற போனி என்றால் தானியமே வேண்டாம்; நெடுந்தீவுக் குதிரைகள் ஓட்ஸைக் கண்ணாலும் கண்டதில்லை, காய்ந்த புல்லில் நிற்கின்றன, அவற்றைச் சாகடிப்பது வரட்சியும் தண்ணீரில்லாமையும்தான். மெலிந்து, பதற்றப்படுகிற குதிரைக்குப் புண்ணாக்கும் எண்ணெயும். மெலிந்து, சோம்பலாக நிற்கிற குதிரைக்கு முதலில் தராசில் புல்.

ராணி இப்போது நாற்பது நிமிஷம் ஓடுகிறாள், விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒக்டோபர் மழை தொடங்கினால் புல் இன்னும் தண்ணியாகிவிடும், அப்போது 35 கிலோ போதாது, வெட்டுகிறவரும் சேற்றில் இறங்கமாட்டேன் என்பார். வைக்கோல் நல்லதாக எங்காவது கிடைக்குமா என்று இப்போதே விசாரிக்கத் தொடங்கியிருக்கிறேன்.